அன்பியத்தில் பாடுகளும் உயிர்ப்பும்: எங்கே தொடங்குவது, எப்படிப் பேசவைப்பது?

கிருஷ்ணகிரி பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழு. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் நடக்கும் அன்பியக் கூட்டங்களில் இயேசுவின் பாடுகள் (துன்பங்கள்), இறப்பு, உயிர்ப்பு பற்றிய பகுதிகளை வாசித்துக் கலந்து பேசச் சொல்லியிருக்கிறார் பங்குத்தந்தை. நடத்தும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து பேர் வருகிறார்கள். ஒருவர் மட்டுமே பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள். நான்கு நற்செய்திகளிலும் விவரங்கள் வேறு வேறாக இருக்கின்றனவே, யாராவது கேட்டால் என்ன சொல்வது? உயிர்ப்பைப் பற்றி எப்படிப் பேசுவது? பிள்ளைகளையும் உட்காரவைக்கலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாற்கு நற்செய்தியில் 14, 15 அதிகாரங்களையும், 16ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 127 வசனங்கள். தவக்காலம் முழுக்க இதை மட்டுமே வாசியுங்கள். இடையில் மத்தேயுவையோ யோவானையோ கலக்க வேண்டாம். ஏன் மாற்கு என்றால், நான்கில் சிறியது, சொற்சிக்கனம் உள்ளது, யாரையும் நல்லவராகக் காட்ட மெனக்கெடாதது. இன்னொரு காரணமும் உண்டு. புனித வெள்ளியன்று ஒவ்வோர் ஆண்டும் யோவான் எழுதிய பாடுகளைத்தான் கோவிலில் கேட்கிறோம். குருத்து ஞாயிறன்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆண்டுக்கு ஒருவராக மாறி மாறி வருகிறார்கள். ஆக, மாற்கு சொல்லும் பாடுகளை நம் மக்கள் முழுதாகக் கேட்பது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், அதுவும் கையில் குருத்தோலையோடு, வெயிலில் பவனி வந்த களைப்போடு.

உங்கள் கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக இருப்பதற்குக் கூச்சம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதுதான் சிக்கல். சின்ன வயதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதையில், அதாவது இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் பக்தியில், நடந்தவர்கள். பெரிய வாரத்தில் மேடை போட்டு நடித்த பாடுகளின் நாடகத்தைப் பார்த்தவர்கள், சிலர் அதில் படைவீரனாக வேடம் கட்டியவர்கள். தொலைக்காட்சியில் வரும் படம் வேறு. இவை எல்லாம் சேர்ந்து மனதில் ஒரே கதையாகக் கெட்டிப்பட்டிருக்கின்றன. நீங்கள் வசனத்தை வாசிக்கும்போது அவர்கள் காதில் விழுவது அந்தக் கதைதான், மாற்கு எழுதியது அல்ல. தெரிந்த கதையைப் பற்றி யார் என்ன பேசுவது?

அதனால் முதல் கூட்டத்தை ஒரு சின்ன விளையாட்டோடு தொடங்குங்கள். புத்தகத்தைத் திறக்காமல், சிலுவை சுமந்த வழியில் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். மூன்று முறை விழுந்தார், தாயைச் சந்தித்தார், வெரோனிக்கா முகம் துடைத்தார் என்று மளமளவென்று வரும். பேசாத பாட்டிகூடச் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ‘சரி, இப்போது மாற்குவில் தேடுங்கள்’ என்று சொல்லுங்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு வசனம், 15:21. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேன் ஊர் சீமோனைப் பிடித்துச் சுமக்கவைத்தார்கள், அவ்வளவுதான். விழுந்ததும் வெரோனிக்காவும் நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. தாயைச் சந்தித்ததும் வழியில் இல்லை, சிலுவையடியில் நின்றதாக யோவான் மட்டுமே சொல்கிறார்.

இதைக் கேட்டதும் ஒரு சிலர் முகம் வாடும். ‘அப்படியானால் சிலுவைப் பாதை பொய்யா?’ என்பார்கள். பொய் இல்லை, அது பல நூற்றாண்டுகளாக மக்கள் செபித்துச் செபித்துச் சேர்த்த பக்தி என்று சொல்லுங்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் முழுக்க விவிலியப் பகுதிகளை மட்டுமே கொண்ட 14 நிலைகளோடு சிலுவைப் பாதையை உரோமையில் நடத்தினார், இயேசு கைதான கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கி. அதற்காகப் பழைய சிலுவைப் பாதையை யாரும் நிறுத்திவிடவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்பியத்தில் கூடும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் ஒரே சட்டம்: எதைச் சொன்னாலும் வசனத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

உங்கள் ‘ஒருவரே பேசும்’ பிரச்சினைக்கும் பாதித் தீர்வு இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லா அன்பியத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியர், பழைய உபதேசியார், அல்லது தியானக் கூடங்களுக்கு அடிக்கடி போய்வருபவர். அவரை வாய் மூடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஊரில் மரியாதை உள்ள மனிதர். அவர் நீளமாகத் தொடங்கும்போது, ‘ஐயா, அது எந்த வசனத்தில் இருக்கிறது, நாங்களும் விரல் வைத்துக்கொள்கிறோம்’ என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்டால் போதும், அவரே வசனத்துக்குத் திரும்பிவிடுவார். இன்னொரு வழி, வாசிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுப்பது. நன்றாக வாசிப்பவராக இருப்பார், மனம் குளிர்ந்துவிடும். வாசித்தவர் கடைசியாகத்தான் பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு வழக்கம் வைத்துவிடுங்கள்.

மௌனமாக இருப்பவர்களுக்கு வேறு வைத்தியம். மாசி, பங்குனியில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளி உடைக்கும் காலம். தவக்காலமும் அப்போதுதான் வருகிறது. கூட்டத்துக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் பகலெல்லாம் ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டிவிட்டு வருகிறவர்கள். கூலி எடையைப் பொறுத்தது, அதனால் சாயங்காலம் ஒரு மணி நேரம் செபத்துக்கு வருவதே அவர்களுக்கு இழப்பு. வேலையைக் கொண்டுவரட்டும் என்று விட்டுவிடுங்கள். திண்ணையில் சாக்கை விரித்து, நடுவில் புளியைக் கொட்டிக்கொண்டு உட்காரட்டும். பக்தி குறைந்துவிடாது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காரவைத்தால் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இது வசதி. அவர்கள் கேட்டு வைத்துக்கொண்டு சொல்வதில் வாசிக்கத் தெரிந்தவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

இது அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குப் பொருந்தும். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது இன்றைய இரண்டு மாவட்டப் பகுதிகளும் ஒன்றாகவே வந்தன, ஆனால் ஓசூர் அன்பியத்தின் சங்கதி வேறு. அங்கே வாடகை வீடுகளில் இருப்பவர்கள் ஷிப்ட் வேலைக்காரர்கள். ஒரு வாரம் வந்தவர் அடுத்த வாரம் இரவு ஷிப்ட் போயிருப்பார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் நடுவில் இருப்பார்கள். அங்கெல்லாம் போன வாரக் கதையை ஒருவர் தன் வீட்டுப் பேச்சில் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் வாராவாரம் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது, என்ன கேட்பது. ‘இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது: பொறுமை, தாழ்ச்சி, மன்னிப்பு. மூன்றும் சரி, மூன்றும் வசனத்தை வாசிக்காமலேயே சொல்லக்கூடியவை. கண்ணால் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். இந்தப் பகுதியில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? யார் ஓடினார், யார் நின்றார்? இயேசு எங்கே வாய் திறக்கிறார், எங்கே திறக்கவில்லை?

கடைசிக் கேள்வியை 15ஆம் அதிகாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். உரோமை ஆளுநர் பிலாத்து கேட்டதற்கு ஒரு சின்னப் பதில், 15:2இல். அதற்குப் பிறகு மாற்குவின் இயேசு ஒன்றுமே பேசுவதில்லை. அடிக்கிறார்கள், முள்முடி சூட்டுகிறார்கள், எள்ளி நகையாடுகிறார்கள், ஆணி அடிக்கிறார்கள், ஒரு சொல் இல்லை. 34ஆம் வசனத்தில்தான் வாய் திறக்கிறார், ‘என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று. சிலுவையில் ஏழு வார்த்தை பேசினாரே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் 1895லிருந்து லுத்தரன் சபை இருக்கிறது, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உறவினர்களும் பலருக்கு உண்டு. பெரிய வெள்ளியன்று ஏழு திருமொழி ஆராதனைக்குப் போய்வந்தவர்கள் உங்கள் கூட்டத்திலும் இருப்பார்கள். அந்த ஏழில் மூன்று லூக்காவில், மூன்று யோவானில், இந்த ஒன்று மட்டும் மாற்குவிலும் மத்தேயுவிலும். மாற்குவை மட்டும் படித்த ஒருவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை இந்தக் கதறல்தான். மற்ற ஆறையும் ஒரு மாலைப்பொழுது மறந்துவிட்டு இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். கூட்டம் அமைதியாகும், அந்த அமைதியை உடனே செபம் சொல்லி நிரப்பிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் படித்தவர் ஒருவர் முந்திக்கொண்டு, ‘அது திருப்பாடல் 22இன் முதல் வரி, அந்தப் பாடல் புகழ்ச்சியில் முடிகிறது, எனவே அவர் மனம் தளரவில்லை’ என்று விளக்கம் தருவார். முதல் வரி என்பது உண்மை. பாடல் புகழ்ச்சியில் முடிவதும் உண்மை. ஆனால் மாற்கு எழுதியிருப்பது முதல் வரியை மட்டும். முடிவு வரியை எழுத வேண்டும் என்று நினைத்திருந்தால் எழுதியிருப்பாரே. விளக்கம் வலியை மூடிவிடக் கூடாது. பாடல் 22ஐ வேண்டுமானால் அடுத்த வாரம் முழுதாக வாசியுங்கள், அது தனியாக ஒரு மாலைக்குத் தாங்கும்.

127 வசனங்களை எப்படிப் பிரிப்பது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெத்தானியாவில் பெண் தைலம் பூசியது ஒரு வாரம். இராவுணவு ஒரு வாரம். கெத்சமனியும் கைதும் ஒரு வாரம். தலைமைக் குருவின் வீடும் பேதுருவும் ஒரு வாரம். பிலாத்து ஒரு வாரம். சிலுவையில் அறைந்த இடமான கொல்கொதா ஒரு வாரம். கல்லறையை உயிர்ப்பு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலர் ‘ஏழு படி’ முறையில்தான் நடத்த வேண்டும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியா முழுக்கப் பரவிய முறை அது, மனதைத் தொட்ட சொல்லை எடுத்துச் சொல்வது, மௌனம், பகிர்வு என்று போகும். பத்து வசனப் பகுதிக்கு அருமையானது. பாடுகள் போன்ற தொடர்கதைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டால் கதையின் ஓட்டம் அறுந்துபோகிறது.

பெத்தானியா பகுதியை எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசினோம் என்று மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 14:5இல் அந்தத் தைலத்தை முந்நூறு தெனாரியத்துக்கும் மேலாக விற்றிருக்கலாமே என்று முணுமுணுக்கிறார்கள். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி, மத்தேயு 20இல் திராட்சைத் தோட்ட வேலையாட்களுக்குப் பேசியது அதுதான். நம் ஊர்க் கணக்கில் எவ்வளவு என்று கேட்டேன். உடனே ஒரு அம்மா, ‘ஆம்பளைக் கூலியா, பொம்பளைக் கூலியா?’ என்றார். அதிலேயே பத்து நிமிடம் போனது. கடைசியில் நாளுக்கு 500 என்று வைத்து ஒன்றரை லட்சம் என்று ஒரு பையன் கணக்குச் சொன்னான். ஒன்றரை லட்சத்தை ஒரே தரம் உடைத்து ஊற்றினாளா? கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முணுமுணுத்தவர்கள் பக்கம்தான் அதிகம் பேர், மறைக்காமல் சொன்னார்கள், அது ஏழைக்குப் போயிருந்தால் நல்லதுதானே என்று. நான் குறுக்கே போகவில்லை. அப்புறம் ஒருவர், அவளுக்குப் பெயரே இல்லையே என்றார். மகதலா மரியா என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாற்கு பெயர் சொல்லவில்லை, ஆனால் உலகெங்கும் நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவள் செய்தது நினைவுகூரப்படும் என்று இயேசு சொல்வதை எழுதியிருக்கிறார். அதற்கு முன் இரண்டு வசனத்திலும் பின் இரண்டு வசனத்திலும் கொலைத் திட்டமும் பண பேரமும். நடுவில் இந்தப் பெண். அந்த வைப்புமுறையைக் கண்டுபிடித்தது அந்தக் கணக்குச் சொன்ன பையன்.

பேதுரு மறுதலிக்கும் பகுதிக்கு இரண்டு பேரை வாசிக்கவிடுங்கள். வீட்டுக்குள் இயேசுவை விசாரிக்கிறார்கள், அதே நேரத்தில் கீழே முற்றத்தில் பேதுருவை ஒரு பணிப்பெண் விசாரிக்கிறாள். உள்ளே இருப்பவர் ‘நானே அவர்’ என்கிறார். வெளியே இருப்பவர் ‘அந்த ஆளைத் தெரியாது’ என்கிறார். ஒருவர் வீட்டுக்குள் நின்று வாசிக்கட்டும், இன்னொருவர் வாசலில் நின்று வாசிக்கட்டும். விளக்கம் தேவைப்படாது. பிலாத்து பகுதியில் கூட்டத்தின் குரலை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள், குருத்து ஞாயிறன்று கோவிலில் சொல்வதுபோல. ‘அவனைச் சிலுவையில் அறையும்’ என்று அடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்காரும்போது கேள்விகள் தாமாக வரும்.

அங்கே ஒரு கவனம் வேண்டும். ‘யூதர்கள்தான் கொன்றார்கள்’ என்ற பேச்சு எப்படியும் எழும், குறிப்பாக யோவானைத் தொடும்போது. இயேசு யூதர், அவர் தாய் யூதர், அழுதவர்களும் யூதர்கள், ஓடியவர்களும் யூதர்கள். தீர்ப்பிட்டவர் உரோமை ஆளுநர், சிலுவைச் சாவு உரோமையரின் தண்டனை. பாடுகளின்போது நடந்ததை அன்றைய எல்லா யூதர்கள் மீதும், இன்றைய யூதர்கள் மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. ஓர் இனத்தின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்துபோக இந்தப் பகுதி இடம் தராது.

நான்கு நற்செய்திகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்விக்கு வருவோம். வித்தியாசங்கள் உண்மையாகவே இருக்கின்றன, இல்லை என்று சமாளிக்காதீர்கள். மாற்குவில் இராவுணவு யூதர்களின் பாஸ்கா விழா விருந்து, யோவானில் இயேசு சாவது பாஸ்காவுக்கு ஆயத்த நாளில். மாற்குவில் காலை ஒன்பது மணிக்குச் சிலுவையில் அறைகிறார்கள், யோவானில் நண்பகல் வேளையில்தான் பிலாத்து தீர்ப்பிருக்கையில் அமர்கிறார். சேவல் இரண்டு முறை கூவுவது மாற்குவில் மட்டும். கல்லறைக்குப் போன பெண்கள் மாற்குவில் மூவர், யோவான் பெயர் சொல்வது மகதலா மரியாவை மட்டும், லூக்கா யோவன்னாவையும் சேர்க்கிறார். இதையெல்லாம் ஒட்டவைத்து ஒரே கதையாக்க இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் முயன்றார், சிரியாவைச் சேர்ந்த தாசியான். கொஞ்ச காலம் அங்கே வழக்கத்திலும் இருந்தது. ஆனாலும் திருச்சபை நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது. குழுவிடம் அதைச் சொன்னால் போதும். நான்கு பேரும் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று ஒரு கிராமத்துப் பெரியவர் சொன்னார், பஞ்சாயத்துப் பேசிப் பழகியவர். எனக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றவில்லை.

ஓசூரில் வேலை செய்யும் இளைஞர்கள் இருந்தால் ‘இதெல்லாம் நடந்ததற்கு ஆதாரம் என்ன?’ என்பார்கள். கேட்கட்டும். உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து, பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை எழுதியிருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. ஆணி இறங்கிய குதிகால் எலும்பு ஒன்று, சிலுவையில் அறையப்பட்ட வேறொருவருடையது, 1968இல் எருசலேமில் ஒரு கல்லறையில் கிடைத்தது. இவை சிலுவை வரைக்கும்தான் வரும். உயிர்ப்புக்கு இப்படி ஒரு கல்லோ எலும்போ கிடையாது, கிடைக்கவும் போவதில்லை. அங்கே இருப்பது சாட்சிகளின் சொல். அதை இளைஞர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவதே மேல்.

இப்போது ஒரு கனமான விஷயம். பாடுகளைப் பேசும்போது வீட்டில் அடிவாங்கும் பெண் ஒருத்தி அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். குடிகாரக் கணவன் என்பது நம் ஊர்களில் யாருக்குத்தான் புதிது? ‘இயேசுவே இவ்வளவு தாங்கினார், நீயும் தாங்கிக்கொள்’ என்று ஒரு நல்ல மனது படைத்த மூதாட்டி அவளிடம் சொல்வார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கெத்சமனியில் இயேசுவே இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டார், 14:36ஐக் காட்டுங்கள். துன்பம் வேண்டாம் என்று கேட்பது பாவம் இல்லை. கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணோடு தனியாக நாலு வார்த்தை பேசுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது, அதையும் சொல்லிவையுங்கள். அண்மையில் வீட்டில் சாவு நடந்தவர்களையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கொல்கொதா வாரத்தில் அவர்களைப் பேச வற்புறுத்த வேண்டாம். பெரும்பாலும் அவர்களே பேசுவார்கள்.

எந்த வீட்டில் கூடுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. வாரம் ஒரு வீடு என்று வைத்தால் ஊர்த்தெருவிலும் கூட வேண்டும், காலனியிலும் கூட வேண்டும். சுற்று வரும்போது சில வீடுகள் மட்டும் எப்படியோ விடுபட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ‘இடம் பத்தாது’, ‘விளக்கு சரியில்லை’ என்று காரணம் வரும். காலனி வீட்டில் கொடுக்கும் காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டு, பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்கைப் பார்த்துக் கண்ணீர் விடுவதில் பயன் இல்லை. பங்குத்தந்தையிடம் பேசி, வீடுகளின் வரிசையைச் சாம்பல் புதனுக்கு முன்பே எழுதிக் கோவில் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

உயிர்ப்புக்கு வருகிறேன். பெரும்பாலான அன்பியங்கள் இங்கேதான் கோட்டைவிடுகின்றன. தவக்காலம் முழுக்க வாராவாரம் கூடுவார்கள், உயிர்ப்பு இரவின் பாஸ்கா திருவிழிப்பு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள், தவக்காலத்தைவிட நீளம். அப்போது மாங்காய் சீசன் தொடங்கிவிடும், கிருஷ்ணகிரிப் பக்கம் ஆள் கிடைக்காது, எனக்கும் தெரியும். வாரம் ஒன்று வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாவது நான்கு கூட்டம் நடத்துங்கள்.

முதலாவது மாற்கு 16:1-8. வெறுமையான கல்லறை, வெள்ளாடை இளைஞர், நடுங்கி ஓடிய பெண்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் பயந்தார்கள். அங்கே நிறுத்துங்கள். 9 முதல் 20 வரை உள்ள வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை, திருச்சபை அவற்றைத் திருநூலாகவே ஏற்றிருக்கிறது. இயேசு நேரில் தோன்றாமலேயே, பயத்தோடு முடியும் ஓர் உயிர்ப்புக் கதையை நம் மக்கள் கேட்டதே இல்லை. ‘இவர்கள் சொல்லவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரிந்தது?’ என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு அனுப்புங்கள்.

அடுத்து லூக்கா 24, எம்மாவு வழி. ஏறத்தாழ 11 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடந்துபோனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு நேரமும் வேதநூலை விளக்கியும் அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. நீளமாக விளக்கும் நம்மைப் போன்றவர்கள் அடிக்கடி வாசிக்க வேண்டிய பகுதி. இருவரில் ஒருவர் கிளயோப்பா, இன்னொருவர் யார்? பெயர் இல்லை. அவர் மனைவியாக இருக்கலாமா என்று ஒரு குழுவில் கேட்டார்கள். தடுக்க வசனத்தில் ஒன்றும் இல்லை, உறுதிப்படுத்தவும் ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக யோவான் 21. கடற்கரை, கரிநெருப்பு, அதன்மேல் மீன். யோவான் 18இல் பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். நான்காவதாக 1 கொரிந்தியர் 15:3-8. பவுல் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 55இல், நற்செய்திகளுக்கெல்லாம் முன்பு. தனக்குக் கிடைத்ததையே ஒப்படைப்பதாகச் சொல்கிறார், எனவே செய்தி அதைவிடப் பழையது. கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு, எல்லாத் திருத்தூதர்கள், கடைசியாகத் தான் என்று ஒரு பட்டியல். நான்கு நற்செய்திகளிலும் கல்லறைக்கு முதலில் போனது பெண்கள். பவுலின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம், புளி தட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்களே கேட்பார்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உட்காரட்டும், ஆனால் கொல்கொதா வாரத்தில் சித்திரவதையை விவரித்துப் பேசாதீர்கள். மாற்குவே அதை விவரிக்கவில்லை, ‘அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கசையடியை மணிக்கணக்கில் காட்டுவது படங்களின் வேலை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எம்மாவு, கடற்கரை மீன், சந்தேகப்பட்ட தோமா மூன்றும் நன்றாகப் பிடிக்கும். பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்கள், அதனால் அவர்களுக்கான கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.